சுருங்கிய வினைக்குப் பக்கத்தில் வினையடை எங்கே வரும்?

பினாங்கில் ஆங்கிலமே இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது கடினம். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும்போது, மருத்துவமனை கவுண்டரில், பிள்ளைகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கேயாவது வந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் அதை ஒரு பாடமாகப் படித்தவர்கள்தான் நாம். ஆனாலும் "ஆல்வேஸ்", "ஆல்ரெடி", "ரியலி" மாதிரியான வினையடைச் சொற்களை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எங்கே வைத்தாலும் சரிதான் என்பார் ஒருவர். வினைக்கு முன்னால் வை என்பார் இன்னொருவர். "ஐ’ம்", "ஹீ’ஸ்" என்று சுருக்குவதே தப்பு, எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லிவிட்டால் பிரச்சினையே வராது என்று சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மூன்று பதில்களாலும் நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள். பெரியவர்கள் இண்டர்வியூவில் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இதற்குள்ளே இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். சுருங்கிய சொல்லால் அழுத்தத்தைத் தாங்க முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

தமிழில் இது நடக்கிறதா?

நடக்கிறது, தினமும். "வந்துவிட்டான்" என்பதை யாரும் அப்படியே உச்சரிப்பதில்லை. "வந்துட்டான்" என்கிறோம். "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பது "பார்த்துக்கிட்டிருக்கேன்" ஆகிவிடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்றோ கொச்சை என்றோ யாரும் நினைப்பதில்லை.

"வந்துவிட்டான்" என்பதில் வருகிற செயல் "வந்து" என்பதில் இருக்கிறது. "விட்டான்" என்பது யாரையும் எதையும் விடவில்லை. செயல் முடிந்துவிட்டது என்று காட்ட மட்டும் கூட வருகிறது. முக்கிய வினைக்கு உதவியாக வந்து காலத்தையோ முடிவையோ காட்டும் இந்த மாதிரி வினையைத் துணைவினை என்பார்கள். சுருங்குவது இந்தத் துணைவினைதான்.

இப்போது இன்னொரு வாக்கியம். "வரமாட்டான்னு நெனச்சோம், வந்தே விட்டான்." நடுவில் ஒரு "ஏ" வந்து அழுத்தம் கொடுக்கிறது. இங்கே யாராவது "வந்தேட்டான்" என்பார்களா? மாட்டார்கள். "ட்டான்" என்ற அந்தச் சின்னத் துண்டு "வந்து" என்பதோடு ஒட்டிக்கொண்டுதான் வாழ முடியும். நடுவில் அழுத்தம் கொடுக்கிற ஒன்று புகுந்துவிட்டால், அது பழையபடி முழு "விட்டான்" ஆகத்தான் வேண்டும். இந்த விதியை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் காது அறிந்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதேபோல ஒன்றுதான் நடக்கிறது.

ஆங்கிலத்தில் சுருங்குவது எது?

"ஏம், இஸ், ஆர், ஹேவ், ஹேஸ், ஹேட், வில், வுட்". பெரும்பாலும் இவ்வளவுதான். இவை தனக்கு முன்னால் இருக்கும் சொல்லின் மேல் சாய்ந்து, உயிரெழுத்தை இழந்து, ஒரு மெய்யாக ஒட்டிக்கொள்ளும். "ஐ ஏம்" என்பது "ஐ’ம்". "ஷீ வில்" என்பது "ஷீ’ல்". "தே ஹேவ்" என்பது "தே’வ்". இப்படி ஒட்டிக்கொண்ட வடிவத்தைச் சுருக்க வடிவம் என்று சொல்வோம்.

இடுப்பில் ஏறிய பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அதற்கும் நடுவில் யாரும் நுழைய முடியாது. அதன் கால் தரையில் இல்லை, அதனால் ஒரு பையைக்கூட அதனிடம் கொடுத்துத் தூக்கச் சொல்ல முடியாது. பையைத் தூக்க வேண்டுமானால் இறங்கி நிற்க வேண்டும். சுருங்கிய துணைவினையும் அப்படித்தான். அது தூக்க முடியாத பைதான் அழுத்தம். ஒரு வாக்கியத்தில் சில சொற்களை மட்டும் ஓங்கி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோமே, அதைத்தான் அழுத்தம் என்கிறேன்.

ஆங்கிலம் இந்த அழுத்தத்தை வைத்தே ஓடுகிற மொழி. பொருள் தாங்கும் சொற்கள் ஓங்கி ஒலிக்கும், உதவிக்கு வரும் சொற்கள் விழுங்கப்படும். தமிழிலும் மலாயிலும் அசைகள் ஏறக்குறைய ஒரே சீராக வரும். நம் ஊர் ஆங்கிலமும் அந்த நடையில்தான் பேசப்படுகிறது. அதனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, "தே’வ் ஆல்ரெடி பெய்ட்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த "வ்" நம் காதில் விழுவதே இல்லை. இன்னொன்று, நாம் "ஐ ஏம் கமிங்" என்று ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னால், கேட்பவருக்கு நாம் ஏதோ வாதாடுவது போலத் தோன்றும். வரவில்லை என்று யாரோ சொன்னதற்கு மறுப்பு மாதிரி, "வரத்தான் போகிறேன்" என்ற தொனி வந்துவிடுகிறது. மரியாதைக்காக முழுதாகச் சொன்ன வாக்கியம் கோபமாகக் கேட்கிறது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் ஆங்கிலத்தில் 2021 முதல் பேச்சும் கேட்டலும் தனித் தாள்களாகவே இருக்கின்றன. ஆகவே இது வெறும் அலங்காரம் இல்லை.

சுருக்குவது புதுப்பழக்கம் என்பதும் தவறு. 1710ஆம் ஆண்டிலேயே எழுத்தாளர் ஜோனதன் சுவிஃப்ட் லண்டனின் டாட்லர் இதழில் சொற்களை இப்படி வெட்டுவதைக் கண்டித்து எழுதினார். அதற்கும் நூறு வருடம் முந்தைய ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே "ஐ’ல்" வருகிறது. வாட்ஸ்அப் கொண்டுவந்தது இல்லை இது.

இதுவரை பார்த்தது: துணைவினை முன்சொல்லோடு ஒட்டிச் சுருங்குகிறது. சுருங்கியபின் அதனால் அழுத்தத்தைத் தாங்க முடியாது.

வினையடை வந்து சேரும் இடம்

எப்போது, எத்தனை முறை, எப்படி, எவ்வளவு உறுதியாக என்று வினையைப் பற்றிச் சொல்லும் சொல்தான் வினையடை. எல்லா வினையடைக்கும் ஒரே இடம் கிடையாது. "எஸ்டர்டே", "கேர்ஃபுலி" மாதிரியானவை பெரும்பாலும் கடைசிக்குப் போய்விடும். "ஐ’வ் செக்ட் இட் கேர்ஃபுலி" என்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. நம்மைப் படுத்துவது வாக்கியத்தின் நடுவில் வரும் கூட்டம்தான்: ஆல்வேஸ், யூஷுவலி, நெவர், ஆல்ரெடி, ஜஸ்ட், ஸ்டில், ப்ராபப்ளி, டெஃபினிட்லி, ரியலி.

இவற்றுக்கு இயல்பான இடம் முதல் துணைவினைக்கு உடனே பின்னால். துணைவினை சுருங்கியிருந்தால், சுருங்கிய அந்த வடிவத்துக்குப் பின்னால். "ஹீ’ஸ் ஆல்வேஸ் லேட்." "ஷீ’ல் டெஃபினிட்லி கம்." "தே’வ் ஜஸ்ட் லெஃப்ட்." துணைவினை இரண்டு இருந்தாலும் முதலாவதைத்தான் பார்க்க வேண்டும்: "ஷீ’ஸ் ஆல்ரெடி பீன் டோல்ட்."

துணைவினையே இல்லாவிட்டால் வினையடை முக்கிய வினைக்கு முன்னால் வரும்: "ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்." பள்ளியில் "வினைக்கு முன்னால் வை" என்று சொன்னது இந்த வாக்கியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். "இஸ்" முக்கிய வினையாகத் தனியே வந்தாலும் துணைவினை போலவே நடந்துகொள்ளும். "ஹீ’ஸ் ஆல்வேஸ் லேட்" என்பதில் நடப்பது அதுதான். அந்த ஒரு விஷயத்தை யாரும் விளக்காமல் விட்டதால், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து "ஹீ ஆல்வேஸ் இஸ் லேட்" என்று எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அந்த வாக்கியம் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் பொருள் வேறு.

வினையடை முன்னால் தாண்டும்போது

"ஐ’ம் ரியலி சாரி" என்றால் ரொம்ப வருத்தம் என்று பொருள். "ரியலி" அங்கே "சாரி" என்பதைப் பெரிதாக்குகிறது. "ஐ ரியலி ஏம் சாரி" என்றால், நம்புங்கள், உண்மையிலேயே வருந்துகிறேன் என்று பொருள். நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், நான் உறுதி சொல்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் அழுத்தம் முழுவதும் "ஏம்" மேல் விழுகிறது.

அழுத்தம் விழுந்துவிட்டதா, சுருங்க முடியாது. அதனால் "ஐ ரியலி’ம் சாரி" என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. "ஷீ டெஃபினிட்லி’ல் கம்" என்பதும் அப்படித்தான், யாரும் எழுதுவதில்லை. வினையடை துணைவினைக்கு முன்னால் தாண்டிக் குதித்தால், துணைவினை பெரும்பாலும் அழுத்தம் பெற்று முழுதாக நிற்கிறது என்று அர்த்தம். "வந்தே விட்டான்" என்பதன் ஆங்கிலத் தம்பி என்றே இதைச் சொல்லலாம்.

அழுத்தம் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. துணைவினைக்குப் பின்னால் வரவேண்டியது வராமல் போனாலும் அழுத்தம் அதன் மேல் விழும்.

"ஆர் யூ ரெடி?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஏம்" என்கிறோம். "யெஸ், ஐ’ம்" என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? பதிலில் "ரெடி" என்பது மறைந்துவிட்டது. சாய்ந்து நடந்துபோன துணைவினைக்கு அடுத்து இருந்தது காணாமல் போனதால், அதுவே வாக்கியத்தின் கடைசி எடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. "டூ யூ நோ வேர் ஹீ இஸ்?" என்பதிலும் அதே கதை. "இஸ்" என்பதற்குப் பின்னால் வர வேண்டிய, இடத்தைக் குறிக்கும் சொல் "வேர்" ஆகி முன்னால் போய்விட்டது. பின்னால் ஒரு வெற்றிடம். அதனால் "வேர் ஹீ’ஸ்" தவறு. கடைசியில் "நவ்" சேர்த்தாலும் "வேர் ஹீ இஸ் நவ்" என்று முழுதாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெற்றிடம் "இஸ்" என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, இந்த இடத்தில் ஒரு வினையடையும் வந்தால்? பினாங்கு மலைக்கு ரயிலில் போயிருக்கிறாயா என்று ஒருவர் கேட்கிறார். "நோ, ஐ நெவர் ஹேவ்." முழு வாக்கியமாக இருந்தால் "ஐ’வ் நெவர் பீன்" என்று வினையடை பின்னால் வரும். பதிலைக் குறுக்கியதும் வினையடை முன்னால் தாண்டிவிடுகிறது, "ஹேவ்" முழுதாகக் கடைசியில் நிற்கிறது. "நோ, ஐ’வ் நெவர்" என்பது அரைகுறையாக ஒலிக்கும். இதேபோல "இஸ் ஹீ லேட் அகெய்ன்?" என்றால் "ஹீ ஆல்வேஸ் இஸ்." இங்கே "ஹீ’ஸ் ஆல்வேஸ்" என்று நிறுத்தினால், கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.

வகுப்பில் யாராவது "எப்போது முன்னால், எப்போது பின்னால் என்று மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் கொடுங்கள்" என்று கேட்பார்கள். பட்டியல் வேண்டாம் என்பதே என் பதில். வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அழுத்தம் துணைவினை மேல் விழுகிறதா, அதற்குப் பின்னால் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். இரண்டில் ஒன்று ஆம் என்றால் சுருக்கக் கூடாது, அங்கே வினையடையும் முன்னால் வர இடம் இருக்கிறது.

"நாட்" சுருங்கும்போது கதை வேறு

"டோன்ட்", "இஸன்ட்", "வோன்ட்" ஆகியவையும் சுருக்க வடிவங்கள்தான். ஆனால் இங்கே சுருங்கியது துணைவினை இல்லை, "நாட்". அது துணைவினையின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது, துணைவினையோ முழுதாகத் தன் காலில் நிற்கிறது. அதனால்தான் "யெஸ், ஐ’ம்" தவறாக இருக்கும்போதே "நோ, ஹீ இஸன்ட்", "நோ, ஐ டோன்ட்" இரண்டும் சரியாக இருக்கின்றன.

துணைவினை முழுதாக நிற்பதால் வினையடைக்கு இரண்டு இடம் கிடைக்கிறது, முன்னாலும் பின்னாலும். பொருள் மட்டும் மாறும். "ஐ ரியலி டோன்ட் லைக் இட்" என்றால் எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்" என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் முதலாவதைச் சொன்னால் மனம் நோகும், இரண்டாவதைச் சமாளித்துவிடலாம். எது முன்னால் வருகிறதோ அது பின்னால் வருவதைத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறது. முதலாவதில் "ரியலி" மறுப்பையே அழுத்திச் சொல்கிறது. இரண்டாவதில் மறுப்பு "ரியலி" என்பதையே மறுக்கிறது.

"ப்ராபப்ளி" ஏன் ஆளை ஏமாற்றுகிறது என்பதும் இதில் புரிந்துவிடும். வருவார் என்றால் "ஹீ’ல் ப்ராபப்ளி கம்", பின்னால். வரமாட்டார் என்றால் "ஹீ ப்ராபப்ளி வோன்ட் கம்", முன்னால். அநேகமாக என்பது "வரமாட்டார்" என்பதை முழுதாக மூட வேண்டும், எனவே அதற்கு முன்னால் நிற்கிறது. தமிழிலும் "அநேகமாக வரமாட்டார்" என்றுதானே சொல்கிறோம். "ஸ்டில்" என்பதும் இப்படியே: "ஐ ஸ்டில் டோன்ட் நோ."

"ஆல்வேஸ்" மட்டும் நம்மைச் சறுக்க வைக்கும். "எப்போதும் பதில் போடுவதில்லை" என்பதை அப்படியே "ஹீ ஆல்வேஸ் டஸன்ட் ரிப்ளை" என்று மாற்றுகிறோம். மலாய் பேச்சில் வரும் "செலாலு தாக்" (எப்போதும் இல்லை) என்பதும் நம்மை அதே பக்கம் தள்ளுகிறது. ஒருமுறைகூடப் பதில் போடுவதில்லை என்றால் ஆங்கிலத்தில் "ஹீ நெவர் ரிப்ளைஸ்" என்பதே இயல்பு. சில நேரம் போடுவார், சில நேரம் போடமாட்டார் என்றால் "ஹீ டஸன்ட் ஆல்வேஸ் ரிப்ளை". சூப்பர்வைசருக்கு ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்த வித்தியாசம் ஒருவர் பெயரையே காப்பாற்றும் அல்லது கெடுக்கும்.

போகிற போக்கில் ஒன்று. "ஐ ஏம் நாட்" என்பதில் பொது ஆங்கிலம் "நாட்" என்பதைச் சுருக்குவதே இல்லை, "ஐ’ம் நாட்" என்று மட்டும்தான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் "ஏமன்ட்" என்கிறார்கள். மற்றவர்கள் கேள்வியில் "ஆரன்ட் ஐ?" என்று கடன் வாங்கிக்கொள்கிறார்கள். காரணம் தேட வேண்டாம், அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

சுருக்கமாக: துணைவினை சுருங்கினால் வினையடை அதற்குப் பின்னால். "நாட்" சுருங்கினால் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம், பொருளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் "ஆல்ரெடி"

"பாஸ் கோ பேக் ஆல்ரெடி." பினாங்கில் இதைச் சொன்னால் புரியாதவர் இல்லை. முடிந்துவிட்டது என்பதைக் காட்ட "ஆல்ரெடி" கடைசியில் வருகிறது. இது இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் நடை. அங்கே முடிவைக் காட்டும் "லியாவ்" வினைக்குப் பின்னால்தான் வரும். நம் "சாப்பிட்டாச்சு" என்பதிலும் முடிவைக் காட்டும் துண்டு பின்னால்தான் இருக்கிறது. மலாயில் அதே வேலையைச் செய்யும் "சூடா" மட்டும் வினைக்கு முன்னால். இப்படிப் பல மொழிகள் உரசி வளர்ந்த பேச்சு அது, அதற்கென்று ஒழுங்கும் இருக்கிறது. கடைத்தெருவில் அதைப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும்போது அந்த "ஆல்ரெடி" நடுவுக்குப் போக வேண்டும், கூடவே ஒரு சுருங்கிய துணைவினையும் வர வேண்டும்: "ஹீ’ஸ் ஆல்ரெடி கான் ஹோம்." நம் பேச்சில் முடிவைக் காட்டும் வேலை முழுவதையும் "ஆல்ரெடி" ஒன்றே செய்கிறது. அங்கே அந்த வேலையைச் செய்வது காதில் விழாத அந்த "ஸ்". அதனால்தான் நாம் அதை விட்டுவிடுகிறோம். அமெரிக்கர்கள் "ஐ ஆல்ரெடி ஏட்" என்று துணைவினையே இல்லாமல் இறந்தகாலத்தில் சொல்வதும் சாதாரணம். பிரிட்டிஷ் நடையில் "ஐ’வ் ஆல்ரெடி ஈட்டன்". இரண்டும் சரியான ஆங்கிலம்.

ஒரே துண்டு, இரண்டு முகம்

"ஹீ’ஸ்" என்பது "ஹீ இஸ்" ஆகவும் இருக்கலாம், "ஹீ ஹேஸ்" ஆகவும் இருக்கலாம். "ஐ’ட்" என்பது "ஐ ஹேட்" ஆகவோ "ஐ வுட்" ஆகவோ இருக்கலாம். நடுவில் வினையடை வந்துவிட்டால் இன்னும் குழப்பம். வழி எளிது. வினையடையைக் கையால் மூடிவிட்டு அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். "ஹீ’ஸ் ஆல்ரெடி ஹியர்", இங்கே இருக்கிறார், ஆகவே "இஸ்". "ஹீ’ஸ் ஆல்ரெடி ஈட்டன்", சாப்பிட்டுவிட்டார், ஆகவே "ஹேஸ்". "ஐ’ட் ப்ராபப்ளி கோ" என்பதில் "கோ" மாறாமல் இருப்பதால் "வுட்". "ஐ’ட் ஆல்ரெடி கான்" என்பதில் "கான்" இருப்பதால் "ஹேட்".

"யூ’ட் பெட்டர் கோ" என்பது இதற்கு விலக்கு. "கோ" மாறாமல் இருந்தாலும் உள்ளே இருப்பது "ஹேட்". போய்விடுவது நல்லது என்ற அறிவுரை, சில நேரம் எச்சரிக்கை. "ஐ’ட் ராதர் ஸ்டே" என்பதில் "வுட்". அந்த "ட்" காதில் விழாததால் "யூ பெட்டர் கோ" என்றே உலகமெங்கும் பேசுகிறார்கள், பேச்சில் அது பரவாயில்லை. எழுத்தில் "யூ’ட்" வேண்டும்.

கடிதத்தில் விரித்து எழுதும்போது

வேலை விண்ணப்பம், புகார்க் கடிதம், எஸ்பிஎம் கட்டுரை ஆகியவற்றில் சுருக்க வடிவங்களை விரித்து எழுதுவது வழக்கம். அப்போது வினையடையையும் நகர்த்த வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். "ஐ’வ் ஆல்ரெடி சென்ட் தி ஃபார்ம்" என்பது "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் தி ஃபார்ம்" ஆகும், அவ்வளவுதான். "ஐ டோன்ட் ரியலி அக்ரீ" என்பதும் "ஐ டூ நாட் ரியலி அக்ரீ" ஆகிவிடும், வினையடை அசையாது. கேள்வியில் மட்டும் "நாட்" இடம் மாறும்: "இஸன்ட் ஹீ ஆல்வேஸ் லேட்?" என்பதை விரித்தால் "இஸ் ஹீ நாட் ஆல்வேஸ் லேட்?" என்று "நாட்" எழுவாயைத் தாண்டிப் பின்னால் போய்விடும். "இஸ் நாட் ஹீ" என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரிக்கும்போது அதிகம் நடக்கும் தவறு அதுதான்.